காற்றுச் சுத்திகரிப்பானில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

வேளச்சேரி மூன்றாம் மாடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். ஆறு வயது மகனுக்குப் பனிக்காலத்தில் இளைப்பு வருவதால், தீபாவளிக்கு முன்பு காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வாங்கி அவன் படுக்கும் அறையில் வைத்தோம். அதன் முகப்பில் பிஎம் 2.5 என்று ஓர் எண்ணும், அதைச் சுற்றி நிறம் மாறும் ஒரு வளையமும் இருக்கின்றன. அந்த வளையம் பச்சையாக இருந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. சிவந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம்.

குழம்பிப்போன மூன்று சந்தர்ப்பங்களைச் சொல்கிறேன். ஒரு நாள் மாலை ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்தேன். அடுப்பிலிருந்து பதினைந்து அடி தள்ளி, கதவு பாதி திறந்திருந்த அறையில் 34 என்று இருந்த எண் இரண்டு நிமிடத்துக்குள் 260 ஆனது. இயந்திரம் இரையத் தொடங்கியது. பழைய நிலைக்கு இறங்கிவர முக்கால் மணி நேரம் பிடித்தது. வெள்ளிக்கிழமை அத்தை சாம்பிராணி போட்டபோது 400ஐத் தாண்டியது. அன்று அவர் என்னிடம், “நாற்பது வருடமாகப் போடுகிறேன், யாருக்கு என்ன ஆனது?” என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாவதுதான் என்னை மிகவும் பதற வைத்தது. மகனுக்குச் சளி பிடித்ததால் அதே அறையில் ஆவி பிடிக்க வைத்தேன். வெந்நீரும் ஒரு பிடி நொச்சி இலையும் தவிர வேறெதுவும் இல்லை. அப்போதும் 190 காட்டிச் சிவந்தது. கணவர் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே எங்கோ குப்பை எரியும் வாடை வந்ததால் நான் ஓடிப்போய் மூடினேன்.

மறுநாள் காலை இயந்திரத்தைப் பால்கனியில் வைத்துப் பார்த்தபோது 63 காட்டியது. அதே நேரத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி வேளச்சேரிக்கு 110 என்றது. கணவர் வைத்திருக்கும் வெளிநாட்டுச் செயலி 156 என்றது. ஒரே காற்றுக்கு மூன்று எண்கள். இவற்றுள் எதை நம்புவது? சிவப்பு எரியும்போது ஜன்னலைத் திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா? இதற்கிடையில் நேற்றிலிருந்து இன்னொரு சிறிய மஞ்சள் விளக்கும் மின்னுகிறது. போகிக்கு இன்னும் ஆறு நாள்களே இருப்பதால் விரைவில் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏசி பழுதுபார்ப்பவன்

வணக்கம், சகோதரி. பதினேழு ஆண்டுகளாக ஏசி வேலை பார்க்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளும் பழுதுக்கு வருகின்றன. வருபவற்றில் பாதிக்குப் பழுதே இருப்பதில்லை. உங்கள் இயந்திரமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இயந்திரத்தின் பக்கவாட்டில் சிறிய துளைகள் இருக்கும். அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே வரும் காற்றின் மீது ஒரு லேசர் ஒளி விழுகிறது. துகள் குறுக்கே போகும்போது ஒளி சிதறுகிறது. அந்தச் சிதறலை வைத்து ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் இருக்கலாம் என்று அது கணக்கிட்டுச் சொல்கிறது. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள துகள். நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. குறுக்கே போனது புகையா, எண்ணெய்த் திவலையா, வெறும் நீர்த்திவலையா என்று அந்த ஒளிக்குத் தெரியாது. ஆகவே ஆவி பிடித்தபோது எரிந்த சிவப்பு, நீராவியைத் துகள் என்று எண்ணியதால் வந்தது. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. குளியலறைக் கதவைத் திறந்தவுடன் வெந்நீர்ப் புகை வந்தாலும், மார்கழி விடியற்காலையில் பனிமூட்டம் உள்ளே வந்தாலும் இதே போல் எண் ஏறும்.

தாளிப்பும் சாம்பிராணியும் அப்படியல்ல. அவை உண்மையான சிவப்பு. காய்ந்த எண்ணெயிலிருந்து கிளம்புவதும், கரி நெருப்பில் விழுந்த சாம்பிராணியிலிருந்து கிளம்புவதும் நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்துகள்கள்தான். அத்தையின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் இளைப்பு உள்ள குழந்தையின் அறையில் போட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சில இயந்திரங்களில் துகள் சென்சாருடன் வாயு சென்சாரும் இருக்கும். அவை கைகழுவும் சானிடைசர், பினாயில், நகப்பூச்சு, புதிதாக வர்ணம் அடித்த அலமாரி ஆகியவற்றுக்கெல்லாம் சிவக்கும். மாம்பலத்தில் ஒரு வீட்டில், காலையில் இருந்து காரணமில்லாமல் சிவப்பு எரிகிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்து மேசையில் பாதி அறுத்த பலாப்பழம் இருந்தது. பழத்தை அடுத்த அறைக்கு எடுத்துப் போனவுடன் விளக்கு பச்சையானது. அன்று கூலி வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது.

இனி உங்கள் மூன்று எண்கள். மூன்றும் சரி. இயந்திரம் காட்டிய 63 என்பது மைக்ரோகிராம். சமீர் காட்டிய 110 என்பது காற்றுத் தரக் குறியீடு. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். இந்தியக் கணக்கில் பிஎம் 2.5 கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்றால் குறியீடு 50. 60 என்றால் 100. 90 என்றால் 200. 120 என்றால் 300. 250 என்றால் 400. ஆகவே 63 மைக்ரோகிராம் ஏறத்தாழ 110 ஆகிறது. அதே 63ஐ அமெரிக்கக் கணக்கில் போட்டால் 156 வரும், ஏனெனில் அவர்களுடைய படிகள் நம்முடையதைவிடக் கடுமையானவை. இயந்திரம் 110 காட்டும் ஒரு நாளில் அதைச் சமீரின் 110 என்று நினைத்து ‘மிதமானது’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 110 மைக்ரோகிராம் நாள் முழுக்க நீடித்தால் நம் குறியீட்டில் அது 260ஐத் தாண்டி ‘மோசம்’ என்ற படியில் இருக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. சமீர் காட்டுவது கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. இயந்திரம் காட்டுவது இந்த நொடி. போகியன்று விடியற்காலையில் தெரு முழுக்கப் புகையாக இருக்கும்போது செயலி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். முந்தைய நாளின் நல்ல காற்றும் அந்தச் சராசரியில் கலந்திருப்பதே காரணம். அந்த வேளையில் இயந்திரத்தை நம்புங்கள்.

ஜன்னல் கேள்விக்கு என் வழக்கம் எளிது: புகை எங்கே பிறந்தது என்று முதலில் பார்ப்பேன். வீட்டுக்குள் பிறந்தது என்றால், சமையலறைப் புகைபோக்கியையோ எக்ஸாஸ்ட் விசிறியையோ போட்டு, வெளியே நன்றாக இருந்தால் ஜன்னலையும் திறந்து, பத்து நிமிடம் விடுவேன். எந்த ஃபில்டரும் அந்த வேகத்தில் வேலை செய்யாது. வெளியே பிறந்தது என்றால் ஜன்னலை மூடி, இயந்திரத்தை அதிக வேகத்தில் வைப்பேன். தாளிக்கும் நேரத்தில் மகனின் அறைக் கதவை மட்டும் மூடிவிடுங்கள். கதவு பாதி திறந்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முக்கால் மணி நேரத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்து அடி உயரம் என்றால் உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று. மணிக்கு 250 கன மீட்டர் தூய காற்று தரும் இயந்திரம் அதை மணிக்கு ஏழு முறை சுற்றிவிடும். மூடிய அறையில் 260 என்பது பதினைந்து, இருபது நிமிடத்தில் இறங்க வேண்டும். கதவு திறந்திருந்தால் அது கூடத்தையும் சமையலறையையும் சேர்த்துச் சுத்தம் செய்யப் பார்க்கிறது.

மஞ்சள் விளக்குக்கும் காற்றுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. பல இயந்திரங்களில் அது ஓடிய மணி நேரத்தைக் கணக்கிட்டு எரிவது. ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான். வெளிப்புறத்தில் உள்ள வலை போன்ற ப்ரீ-ஃபில்டரைத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டலாம். நம் ஊர்த் தூசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தேவைப்படும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெப்பா ஃபில்டரைக் கழுவவே கூடாது. நனைந்த ஃபில்டர் பிடிப்பை இழந்துவிடும், பூஞ்சையும் ஏறும். சென்சார் துளையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். அதன் கண்ணில் தூசி படிந்தால், காற்று எப்படி இருந்தாலும் எண் ஒரே இடத்தில் நின்றுவிடும்.

பாலித்தீன் உறை

மேலே உள்ளவர் சொன்னதோடு ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். இயந்திரத்தின் பின்பக்கத்தைத் திறந்து, ஃபில்டரை வெளியே எடுத்து, அதன் மேல் பாலித்தீன் உறை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று மாதம் உறையைக் கழற்றாமலேயே ஓட்டினோம். எந்நேரமும் சிவப்பு எரிந்தது. நான் சென்னைக் காற்றையும் பக்கத்துக் கட்டுமான வேலையையும் திட்டிக்கொண்டிருந்தேன். கையேட்டின் முதல் பக்கத்திலேயே படம் போட்டு எழுதியிருந்தார்கள்.

மயூர் விகார் தமிழன்

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தில்லியில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இங்கே நவம்பர் பிறந்தால் எங்கள் பேச்சே எண்களில்தான் நடக்கும். குறியீடு 200ஐத் தாண்டினால் முதல் கட்டக் கட்டுப்பாடு, 300ஐத் தாண்டினால் இரண்டாம் கட்டம், 400ஐத் தாண்டினால் மூன்றாம் கட்டம், 450ஐத் தாண்டினால் நான்காம் கட்டம் என்று வரிசையாக அறிவிப்புகள் வரும். லாரிகள் நிற்கும், கட்டட வேலை நிற்கும், பள்ளிக்கூடம் கணினித் திரைக்கு மாறும்.

அப்படிப்பட்ட நாள்களில் எங்கள் வீட்டு இயந்திரம் காலையிலிருந்து இரவு வரை பச்சையைக் காட்டுவதே இல்லை. முதல் ஆண்டு அதைக் கண்டு, இயந்திரம் வீண் என்று முடிவு கட்டினேன். பிறகுதான் ஒரு கையடக்க அளவியை வாங்கி, வெளியேயும் உள்ளேயும் மாறி மாறி அளந்து பார்த்தேன்: பால்கனியில் 310, படுக்கையறையில் 70. இயந்திரத்தின் கணக்கில் 70 சிவப்புதான்; ஆனால் நாங்கள் சுவாசித்தது வெளிக்காற்றில் இருந்த தூசியில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவு. நிறம் மாறும் எல்லையை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருப்பதால், வண்ணத்தை விட்டுவிட்டு வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்ற விகிதத்தைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர அளவு 15. இந்தியாவின் அளவு 60. இவற்றுள் எதை எல்லையாக வைத்துக்கொண்டு உங்கள் இயந்திரம் சிவக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்தால் மனம் கொஞ்சம் அமைதியடையும்.

பழுதுபார்க்கும் நண்பர் சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. இயந்திரம் சிவந்த பிறகு வேகத்தைக் கூட்டினால் போதாது. ஆட்டோ முறையில் விட்டால் சென்சார் இருக்கும் மூலைக்குப் புகை வந்து சேர்ந்த பிறகே அது விழித்துக்கொள்ளும். கட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கு அதற்கு முன்பே புகை போய்விட்டிருக்கும். போகிக்கு முந்தைய இரவு படுக்கும்போதே ஜன்னல்களை மூடி, கதவின் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, விடியற்காலை நான்கு மணியிலிருந்து அதிக வேகத்தில் ஓட விடுங்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைப்பட்டது நினைவிருக்கும். அந்த நேரத்தில் காற்று அசையாது, தரையோடு குளிர்ந்து கிடக்கும், எரித்த புகை எழும்ப வழியில்லாமல் முதல் இரண்டு மூன்று மாடிகளைச் சுற்றியே நிற்கும். உங்கள் வீடு சரியாக அந்த உயரத்தில் இருக்கிறது.

அதே சமயம் நாள் முழுக்க அடைத்துக்கொண்டும் இருக்க வேண்டாம். பிளவு ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை; அறைக் காற்றையே சுற்றுகிறது. மூன்று பேர் மூடிய அறையில் தூங்கினால் காலையில் தலை கனக்கும், அதற்கு எந்த ஃபில்டரும் மருந்தாகாது. வெளியே எண் இறங்கியதும் பத்து நிமிடமாவது திறந்துவிடுங்கள்.

தில்லிக் குளிரில் ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் வரும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூடிய அறையில் கரிக் கணப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுவதில்லை. நன்றாகக் கனன்ற கரியில் கண்ணுக்குத் தெரியும் புகை இருக்காது. ஆகையால் சுத்திகரிப்பான் பச்சையைக் காட்டிக்கொண்டே இருக்கும். கார்பன் மோனாக்சைடை அது அளப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை. சென்னையில் கணப்பு கிடையாது என்றாலும் குளியலறையில் எரிவாயு கீசர் வைத்திருப்பவர்களும், மின்தடையில் பால்கனியில் ஜெனரேட்டர் ஓட்டுபவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சமையல் எரிவாயு வாடை வந்தாலும் இயந்திரத்தைப் பார்க்க வேண்டாம். எந்தச் சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு அழைக்க வேண்டும்.

இளைப்புள்ள பிள்ளையின் தாய்

என் மகளுக்கும் இளைப்பு உண்டு; எட்டு வயதாகிறது. சகோதரிக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது: முதலில் பிள்ளையைப் பாருங்கள், பிறகு விளக்கைப் பாருங்கள். வளையம் பச்சையாக இருந்தும் என் மகள் ஓர் இரவு இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். காற்று நன்றாகத்தானே இருக்கிறது என்று அரை மணி நேரம் பொறுத்தது என் தவறு. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, பேசும்போது சொற்கள் துண்டுபட்டாலோ மருத்துவர் சொல்லிக் கொடுத்தபடி இன்ஹேலரைக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகிக்கு முன்பே மருந்து எத்தனை தடவைக்கு மிச்சமிருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். பண்டிகை நாளில் கடை திறந்திருக்குமா என்று தேட வேண்டியிருக்காது.

கொசுவர்த்தியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வியந்தேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் பிஎம் 2.5 அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடாகலாம் என்று கண்டார்கள். ஒரே அறையில் சுருளையும் ஏற்றிச் சுத்திகரிப்பானையும் ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். நாங்கள் கொசுவலைக்கு மாறிவிட்டோம்.

வேளச்சேரி மூன்றாம் மாடி

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. போகி முடிந்து இரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் பிறருக்கும் பயன்படலாம்.

பாலித்தீன் உறை இல்லை. அந்த வகையில் தப்பித்தேன். ஆனால் ப்ரீ-ஃபில்டரில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளியே படிந்திருந்தது. கழுவிய தண்ணீர் நான்கு முறைக்குப் பிறகுதான் தெளிந்தது. சென்சார் துளையைத் துடைத்தபோது பஞ்சுக்குச்சி கறுத்து வந்தது. மஞ்சள் விளக்குக்குக் கையேட்டில் சொன்னபடி ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் அணைந்துவிட்டது.

போகியன்று நான்கு மணிக்கே எழுந்து, அறையை அடைத்து, அதிக வேகத்தில் ஓட விட்டோம். ஐந்தே முக்காலுக்குக் கீழே டயர் எரியும் வாடையுடன் மேளச் சத்தம் தொடங்கியது. கணவர் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய அளவியைப் பால்கனியில் வைத்திருந்தார். ஆறரைக்கு அது 385 காட்டியது, அறையில் இயந்திரம் 58 காட்டியது. வளையம் சிவப்புதான், இந்த முறை யாரும் ஓடவில்லை. அதே நேரத்தில் சமீர் 120 என்றுதான் சொன்னது. மாலையில்தான் அது ஏறத் தொடங்கியது. பத்து மணிக்குக் கடற்காற்று எழுந்து, பால்கனி அளவி 70க்கு இறங்கியதும் எல்லா ஜன்னல்களையும் திறந்தோம். மகன் நன்றாக இருக்கிறான், இன்ஹேலர் தேவைப்படவில்லை.

சாம்பிராணி நிற்கவில்லை. ஆனால் அத்தை இப்போது தூபக்காலைப் பால்கனியிலேயே ஏற்றி, புகை அடங்கிக் கனல் மட்டும் இருக்கும்போது பூசை அறைக்குக் கொண்டுவருகிறார். அதற்கு முன்பாக மகனின் அறைக் கதவைத் தாமே சாத்திவிடுகிறார். சென்ற வெள்ளி அந்த அறையில் எண் 41க்கு மேல் போகவில்லை. கனல் கரியையும் மூடிய அறையில் வைக்கக் கூடாது என்று தில்லி அன்பர் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். பூசை அறை ஜன்னல் இப்போது திறந்தே இருக்கிறது.